முதல் முறையாகப் பழைய கார் வாங்கும் குடும்பத்துக்கு: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை பகுதிகளில் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் துணையாகச் சென்று பழைய கார் பார்த்துக் கொடுத்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறு ஒன்றுதான்: அட்வான்ஸை முதலில் கொடுத்துவிட்டு ஆவணங்களைக் கடைசியில் பார்ப்பது. என் முதல் காரை நானும் அப்படித்தான் வாங்கினேன். வண்டியைப் பார்த்த அன்றே 10,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்; ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருப்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். கடன் முடிந்துவிட்டது என்று விற்றவர் சொன்னது உண்மையே. ஆனால் அதற்கான கடிதத்தை அவர் பெற்றுத் தர நான்கு மாதமாயிற்று; அந்த நான்கு மாதமும் முழுப் பணம் கொடுத்த வண்டி வேறொருவர் பெயரில் என் வாசலில் நின்றது.

ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். செலவில்லாத சோதனைகள் முன்னும், செலவாகும் சோதனைகள் பின்னும், பணம் கைமாறுவது எல்லாவற்றுக்கும் பின்னும் வருகின்றன. ஒரு படியில் வண்டி தேறவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டியதில்லை.

1. தேடத் தொடங்குவதற்கு முன் வீட்டில் பேசித் தீர்மானியுங்கள்

மாதத்தில் எத்தனை நாள் வண்டி வெளியே போகும், எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு தூரம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை திருப்பதிக்கும் ஒரு முறை ஏலகிரிக்கும் போவதை மனத்தில் வைத்துப் பெரிய வண்டி தேடுபவர்கள், மீதி நாளெல்லாம் அதே வண்டியைக் காட்பாடிச் சந்துகளில் திருப்ப வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் இருக்கையின் உயரமும் கதவு திறக்கும் அகலமும் மைலேஜைவிட முக்கியமானவை.

டீசலா பெட்ரோலா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்து வெளியேற்ற, வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், சரிசெய்வது பெருஞ்செலவு. நகருக்குள்ளேயே ஓட்டப்போகும் குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டியையே நான் சொல்வேன்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலையாக எண்ணாதீர்கள். 4 லட்சம் இருந்தால் 3.4 லட்சம் வரையுள்ள வண்டிகளை மட்டும் பாருங்கள். காப்பீடு, பெயர் மாற்றம், டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் ஆகிய அனைத்தும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரிசையாக வந்து நிற்கும்.

2. வண்டியைப் பார்க்கப் போகும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

விற்பவரிடம் ஆர்.சி.யின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘நேரில் வாங்க தம்பி, எல்லாம் க்ளியரா இருக்கு’ என்று சொல்லி அனுப்பாமல் இருப்பவரின் வண்டியை நான் பார்க்கப் போவதில்லை. நேரில் போய்விட்டால் வண்டியின் மீது ஆசை வந்துவிடும். அதன் பிறகு காகிதத்தில் உள்ள குறை சிறிதாகத் தெரியும். காகிதத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இட்டு, ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: பதிவான நாள், எரிபொருள், எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு முடியும் நாள், தகுதிச் சான்று முடியும் நாள். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி எஃப்.சி. எனும் தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். 13 ஆண்டு ஓடிய வண்டியை வாங்கினால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுடையவை. விலையில் அதைக் கழியுங்கள்.

இந்தப் படியில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் நான்கு.

முதலாவது, கடன் பதிவு. ஆர்.சி.யில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் அந்நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35-உம் கிடைத்து, அப்பதிவு நீக்கப்பட வேண்டும். நீக்கிய பிறகு வாருங்கள் என்று சொல்லுங்கள். ‘சேர்த்தே முடித்துவிடலாம்’ என்பதற்கு இசையாதீர்கள்.

இரண்டாவது, ஆர்.சி.யில் உள்ளவர் உயிரோடு இல்லாமல் இருப்பது. தந்தையின் காரை மகன் விற்பது நம் ஊர்களில் வழக்கம். ஆனால் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் கொண்டு, படிவம் 31 வழியாக வண்டி முதலில் அவர் பெயருக்கு மாற வேண்டும். மகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெயர் மாறும்வரை விற்கும் உரிமை அவர் ஒருவருடையது அன்று; நாளை ஒரு சகோதரி வந்து கேட்டால் நீங்கள் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, நிலுவை அபராதங்கள். இ-சலான் தளத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். வேகக் கேமராவில் பிடிபட்டதை விற்பவரே அறியாமல் இருப்பதும் உண்டு.

நான்காவது, வாடகைக்கு ஓடிய வண்டி. டி-போர்டு வண்டிகளைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றி விற்பது சட்டப்படி தவறன்று. ஆனால் அது பட்டபாடு வேறு. இத்துடன் எரிவாயு கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். நிறமும் ஆர்.சி.யில் உள்ளதாகவே இருக்க வேண்டும்.

3. வெளிமாநில வண்டி என்றால் தனிக் கணக்கு

வேலூருக்கு டி.என். 23, இராணிப்பேட்டைக்கு டி.என். 73, திருப்பத்தூர் மாவட்டத்துக்கு டி.என். 83. இந்த எண்களுக்கு இடையே ஆந்திர, கர்நாடகப் பதிவு வண்டிகளும் இங்கு நிறைய விலைக்கு வருகின்றன. சித்தூர் ஒரு மணி நேரத் தொலைவு, பெங்களூரு நான்கு மணி நேரம். டெல்லிப் பதிவு வண்டிகளும் வரும். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் வந்த கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து, அந்த வயதை நெருங்கிய கார்கள் மலிவாகத் தெற்கே வந்தன.

விலை குறைவு என்று நினைத்தவுடன் கூட்டிப் பார்க்க வேண்டியவை: பதிவான மாநிலத்தின் அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகப் பெறும் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டிய ஆயுள் வரி, புதிய எண் பெறும் செலவு. கட்டிய பழைய வரியைத் திரும்பப் பெறுவது அந்த மாநிலத்தில் தனியாக விண்ணப்பித்துச் செய்ய வேண்டிய வேலை. அந்தப் பணம் வந்துவிடும் என்று எண்ணி விலை பேசாதீர்கள். முதல் கார் வாங்குபவர் தமிழ்நாட்டுப் பதிவோடு நின்றுகொள்வதே நல்லது என்பது என் முடிவு.

4. உடலைப் பாருங்கள்: காலை வெளிச்சத்தில், வண்டி உலர்ந்திருக்கும்போது

காகிதம் தேறிய பிறகே நேரில் செல்லுங்கள். கையில் டார்ச், சிறு காந்தம், வெள்ளைத் துணி, குறிப்பேடு ஆகியவை இருக்கட்டும். முதல் தடவை குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். குழந்தை பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்பாவின் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இதை நான் மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன்.

கழுவி ஈரமாக நிற்கும் வண்டியில் பெயிண்டின் வேறுபாடு தெரியாது. சாய்வெயிலில் வண்டியின் மூலையில் குனிந்து நின்று பக்கவாட்டில் பாருங்கள். டிங்கரிங் செய்த இடத்தில் ஒளி அலையலையாக வளையும். சந்தேகமான இடத்தில் காந்தத்தைத் துணியில் சுற்றி வையுங்கள்; பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காது. சிறு கீறலுக்குப் பெயிண்ட் அடித்திருப்பது குற்றமன்று. கூரையைத் தாங்கும் தூண்களும் முன்பக்கச் சட்டமும் அடிபட்டு நிமிர்த்தப்பட்டவையா என்பதே கேள்வி. அவைதான் விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காப்பவை.

இதைக் கண்டறியும் எளிய வழி கதவின் ரப்பர் பீடிங்கைச் சிறிது இழுத்துப் பார்ப்பது. தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்டமாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வைத்தவை கோணலாக இருக்கும் அல்லது பட்டியால் மூடப்பட்டிருக்கும். பானெட், கதவு, டிக்கி ஆகியவற்றின் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அவை கழற்றப்பட்டவை. கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகளையும் ஒப்பிடுங்கள்; ஒன்று மட்டும் வேறு ஆண்டு என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை அறிவது இதைவிடக் கடினம். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவை சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே எல்லாவற்றையும் துடைப்பவர்களும் சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டைத் துடைப்பதில்லை, சேற்றுக்கறை அங்கே தங்கியிருக்கும். இருக்கையின் அடிக்கம்பிகள், ஸ்டெப்னி வைக்கும் குழி, தரைவிரிப்பின் அடி ஆகியவற்றில் துருவும் வண்டலும் உள்ளனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூழ்கிய வண்டி என்று தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வயரிங் கோளாறு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக வெளிவரும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல்மேடுகள்) நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரோடு வேலூர் வெயிலில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. நான்கு டயரின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. என்ஜினைக் குளிர்ந்த நிலையில் கேளுங்கள்

முதல் நாளே தொலைபேசியில், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான என்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகும். புகையும் தட்டும் ஒலியும் குளிர்ந்த என்ஜினில்தான் வெளிப்படும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்மை படிந்திருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம். என்ஜினில் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் அடைத்துவைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பதன் அடையாளம் அது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பிறகு ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் சைலன்சருக்குப் பின்னே நில்லுங்கள். குளிர்காலையில் சில நொடி வரும் வெள்ளைப் புகை நீராவிதான்; நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை ஆயில் எரிவது. கரும்புகை எரிபொருள் மிகுதி.

இங்கே இன்னொரு சோதனையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர் நம்முடையது. ஏ.சி.யை முழு அளவில் வைத்து, வண்டியை நின்ற இடத்திலேயே 15 நிமிடம் ஓடவிடுங்கள்; முடிந்தால் நண்பகலில் இதற்காகவே மறுமுறை செல்லுங்கள். வெப்பக் காட்டி நடுவைத் தாண்டி ஏறினாலோ, ஏ.சி. காற்று சூடாகத் தொடங்கினாலோ, ரேடியேட்டர் விசிறியிலிருந்து கம்பிரசர் வரை ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. ஊட்டியில் ஓடும் வண்டிக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்க குறையாக இருக்கலாம். இங்கு ஏப்ரலில் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும்.

6. முக்கால் மணி நேரம் நீங்களே ஓட்டுங்கள்

விற்பவர் உடன் வரட்டும். காப்பீடு நடப்பில் உள்ளதா என்று முன்பே பார்த்திருப்பீர்கள். பாட்டை அணைத்துவிடுங்கள். தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவது சோதனை ஆகாது; நான்கு வகைச் சாலை வேண்டும்.

நகர நெரிசலில் கிளட்ச்சும் கியரும் தெரியும். காட்பாடி ரயில்வே மேம்பாலம் போன்ற ஏற்றத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. சர்வீஸ் சாலையின் பள்ளங்களில் சஸ்பென்ஷனின் ஒலியைக் கேளுங்கள். பின்னர் பெங்களூரு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா, பிடியைச் சற்றுத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். டக்டக் என்ற ஒலி வந்தால் முன் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். 35,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் தோல் பளபளத்தால் கணக்கு ஒத்துவரவில்லை. நிறுவன சர்வீஸ் மையத்தில் செய்த சர்வீஸ்களின் பட்டியலை விற்பவர் வழியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

7. உங்கள் மெக்கானிக், உங்கள் கூலி

புரோக்கர் காட்டும் மெக்கானிக்கை அழைக்காதீர்கள். அவருக்கு அடுத்த வேலை புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும். நீங்கள் பிறகு வண்டியை விடப்போகும் ஒர்க்‌ஷாப்காரரையே கூலி பேசி அழைத்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். வாங்காவிட்டாலும் கூலி உண்டு என்று முன்பே சொல்லிவிட்டால் அவர் தயங்காமல் வேண்டாம் என்பார்.

அவரிடம் தவறாமல் கேட்க வேண்டியது, என்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் பற்றி. ஆல்டோ 800, பழைய சாண்ட்ரோ போன்றவற்றில் பெல்ட், 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் செயின். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

8. விலை பேசுவது

குறிப்பேட்டில் எழுதியவற்றுக்கு நேரே தொகையை இட்டுக் கூட்டி, அந்தத் தாளை விற்பவர் முன் வையுங்கள். ‘குறைச்சுக் கொடுங்கண்ணா’ என்பதற்கு மறுப்புச் சொல்வது எளிது. டயருக்கு இவ்வளவு, பேட்டரிக்கு இவ்வளவு என்ற கணக்கை மறுப்பது எளிதன்று.

9. பணம், படிவம், ஒப்படைப்பு: மூன்றும் ஒரே நாளில்

அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையை வங்கி வழியாக அனுப்பி, எந்தக் குறை வெளிப்பட்டால் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீதித் தொகையும் வங்கி வழியே செல்லட்டும், ஆர்.சி.யில் பெயருள்ளவரின் கணக்குக்கே செல்லட்டும்.

விற்பவர் கையொப்பமிட வேண்டியவை படிவம் 29-இன் இரு பிரதிகளும் படிவம் 30-உம். வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பிய பிறகே கையொப்பம் பெறுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டு வண்டியைக் கொடுப்பவர், அது எத்தனை கை மாறினாலும் தாமே பொறுப்பாளியாக நிற்கிறார். பெயர் மாறாதவரை, விபத்து இழப்பீட்டு வழக்கில் நீதிமன்றம் தேடுவது ஆர்.சி.யில் உள்ளவரைத்தான். பழைய கார் விற்கும் கடையிலிருந்து வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி அவர்கள் அங்கீகாரம் பெற்றவர்களா, பழைய உரிமையாளர் படிவம் 29சி வழியாக வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவித்தாரா என்று கேளுங்கள்.

ஷாசி எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் இடத்தில் உங்கள் கண்ணால் படித்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இரண்டாவது சாவியையும் வாங்குங்கள். ஒப்படைப்புச் சீட்டில் நாள் மட்டும் போதாது, நேரமும் மீட்டர் அளவும் வேண்டும். அன்று காலை பதிவான அபராதம் யாருடையது என்பதை அந்த நேரம்தான் தீர்க்கும்.

10. காப்பீடும் பெயர் மாற்றமும்

காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வண்டியோடு காப்பீடும் வந்துவிட்டது என்று நினைப்பதுதான் இங்கு பொதுவான தவறு. மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும். உங்கள் சொந்தச் சேதத்துக்கான காப்பு, நிறுவனம் பெயரை மாற்றித் தந்தால்தான் நிற்கும். கோரிக்கை இல்லாததற்கான போனஸ் தள்ளுபடி விற்றவருடையது; அது உங்களுக்கு வராது, அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, நிலையை வாரம் ஒரு முறை பரிவாகன் தளத்தில் பாருங்கள். இடைத்தரகரிடம் கொடுத்தால் அவர் கொடுத்துவிட்டேன் என்பார். அந்த எண்ணை அவரிடம் கேட்டு வாங்கினால்தான் கொடுத்தாரா என்பது தெரியும்.

புதிய ஆர்.சி. வந்ததும் பெயர், முகவரி, இரு எண்கள் ஆகியவற்றில் எழுத்துப் பிழை உள்ளதா என்று அன்றே பாருங்கள். பிறகு அதன் படமொன்றை விற்றவருக்கும் அனுப்பிவையுங்கள். தம் பெயர் நீங்கிவிட்டதா என்று அவரும் காத்துக்கொண்டிருப்பார்.